சட்டை அளவுக்கு இருநூத்தி எண்பத்தேழு கையெழுத்து

மொதல்லயே ஒன்னு சொல்லிடறேன். எங்க கம்பெனில யூனியன் ஆரம்பிச்சது நான் இல்ல. நான் ஆரம்பிச்சது சட்டை. ஆயுத பூசைக்கு எல்லாரும் ஒரே கலர்ல போட்டுக்கினு போட்டோ எடுப்போமே, அந்தச் சட்டை. இத எத்தினியோ பேருகிட்ட சொல்லிட்டேன், ஒருத்தரும் நம்பல. நீங்களும் நம்ப வேணாம், கேட்டாப் போதும்.

என் பேரு சிவசங்கரி. வூடு உப்பளம். வில்லியனூரு தாண்டிப் போனா ஒரு கார் கம்பெனி வரும், அங்க டிரிம் லைன்ல அஞ்சு வருஷம் வேலை பாத்தேன். பெயின்ட் அடிச்ச காரு வரிசையா நகந்து வரும், நாங்க உள் சாமானெல்லாம் மாட்டுவோம். எனக்கு வலது பக்கம் முன்கதவு. ஸ்பீக்கரு வெச்சு நாலு ஸ்குரூ, ஒயரச் சொருகணும், மேல பேடுன்னு கதவோட உள்மூடிய வெச்சு உள்ளங்கையால தட்டணும். ஐம்பத்தி நாலு செகண்டுக்கு ஒரு காரு. நான் சேந்தப்ப அறுபது செகண்டு. அந்த ஆறு செகண்டு எங்க போச்சுன்னு கேட்டதுக்கு, நீங்கள்லாம் நல்லா கத்துக்கினீங்க, வேகம் வந்துடுச்சு, அதுக்கு சந்தோஷப்படுங்கன்னாங்க. சந்தோஷப்பட நேரம் இல்ல, அடுத்த காரு வந்துடுச்சு.

அஞ்சு வருஷமும் நான் பர்மனென்ட் இல்ல. பதினோரு மாசத்துக்கு ஒரு ஆர்டரு குடுப்பாங்க. அது முடிஞ்சா கொஞ்ச நாளு வூட்ல உக்கார வெச்சு, மறுபடி புது ஆளு மாதிரி போட்டோ எடுத்து, ரத்தம் எடுத்து, கண்ணு டெஸ்ட் பண்ணி, புது ஆர்டரு. ஒரே கம்பெனில அஞ்சு தடவை புதுசா சேந்திருக்கேன். அஞ்சு தடவையும் லட்டு குடுத்து வரவேத்தாங்க. எங்க லைன்ல இந்த மாதிரி அறுபத்திமூணு பேரு, அதுல சீனியரு நான்தான். அடுத்த பர்மனென்ட் லிஸ்டுல மொதப் பேரு உன்னதுதாம்மான்னு மூணு வருஷமா சொல்லிகினு இருந்தாங்க.

எனக்கு அது வேணும். மறைக்க என்னா இருக்கு. எங்க வூட்டுக்காரரு கோவிந்தசாமி மில்லுல இருந்தவரு. மில்லு மூடினதுலேருந்து ஒயிட் டவுன்ல ஒரு கெஸ்ட் அவுஸ்ல வாட்ச்மேனா நிக்கறாரு. பொண்ணு சிந்துஜா நர்சிங் படிக்கறா. யாராவது எங்க வேலைன்னு கேட்டா, கார் கம்பெனில இருக்கேன்னு பன்னெண்டாவது மாசமும் சொல்லணும். அவ்ளோதான் என் ஆசை.

அதனாலயே யூனியன்னு சொன்னா எனக்கு ஆகாது. எங்க வூட்டுக்காரரு மில்லுல அஞ்சு யூனியன் இருந்துது. மில்லு போச்சு, அஞ்சு யூனியனும் நல்லா இருக்கு. வருஷா வருஷம் மே ஒன்னாந்தேதி மூடின கேட்டு முன்னாடி அஞ்சு கொடி ஏத்தி அஞ்சு தடவை முட்டாயி குடுக்கறாங்க. கேட்டுக்கு உள்ள ஒரு முருங்க மரம் பெருசா வளந்து நிக்குது.

கார்குழலிக்கு இதெல்லாம் சொன்னா புரியாது. அரியாங்குப்பத்துப் பொண்ணு, இருபத்தாறு வயசு, டிப்ளமா படிச்சவ, பர்மனென்டு. லைன்ல எனக்கு எதிர்ல நிப்பா, இடது பக்கம் முன்கதவு. அதாவது ஒரு காருக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். கம்பெனி பஸ்ஸுலயும் என் பக்கத்து சீட்டுதான். பஸ்ஸு அரியாங்குப்பத்துல கெளம்பி, உப்பளத்துல என்னை ஏத்திகினு, இந்திரா காந்தி சிலை வழியா மூலக்குளம், வில்லியனூருன்னு போயி சேர முக்கா மணி நேரம் ஆவும். அந்த முக்கா மணி நேரமும் யூனியன் வேணுமா வேணாமான்னு பேச்சு. நாலு மாசம் இதே பேச்சு. டிரைவர் வடிவேலு அண்ணன், எங்க பேச்சு தன் காதுல வுழுந்ததா யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பாட்ட சத்தமா வெச்சுடுவாரு. அதுக்கு மேல கத்திப் பேசுவோம்.

அவ சொல்றதுல நாயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். லைன்ல நிக்கற ஆளு பாத்ரூம் போவணும்னா தலைக்கு மேல ஒரு கயிறு தொங்கும், அத இழுக்கணும். மஞ்ச லைட்டு எரியும். டீம் லீடரு வந்து நம்ம எடத்துல நின்னாத்தான் நாம போவலாம். இருபத்திரண்டு பேருக்கு ஒரு லீடரு. அவரு வரதுக்குள்ள ஆசையே அடங்கிப் போவும். இதுக்கு மாத்து ஆளு கேளுங்கன்னா யாரு கேக்கறது? ஒர்க்கர்ஸ் கமிட்டின்னு ஒன்னு கம்பெனியே வெச்சிருந்துது. மாசம் ஒரு மீட்டிங்கு, சமோசா உண்டு. மூணு வருஷத்துல ஒரு கேரம் போர்டு வாங்கினாங்க, அப்பறம் சாம்பார்ல முள்ளங்கிய நிறுத்தினாங்க.

நான் சொல்றதுலயும் நாயம் இல்லாம இல்ல. யூனியன்னு வாயத் தொறந்தா பர்மனென்டு ஆளுங்கள ஒன்னும் பண்ண மாட்டாங்க, எங்களுக்கு அடுத்த ஆர்டரு வராது. உன் சண்டைக்கு எங்க தலையா, ஊருக்கு இளைச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டியான்னு கேப்பேன். உங்களுக்காகத்தாங்க்கா கேக்கறேன்னு அவ சொல்லுவா. எனக்காக யாரும் கேக்க வேணாம், எனக்கே வாயிருக்குன்னு நான் சொல்லுவேன். அந்த வாய் பஸ்ஸுக்குள்ளதானே பேசுதுன்னு அவ சொல்லுவா. அதுக்குள்ள கம்பெனி வந்துடும்.

நாலு மாசத்துல அவ வாங்கின கையெழுத்து பதினொன்னு. அந்தப் பேப்பர மடிச்சு சாப்பாட்டுப் பையில, ஊறுகாய் டப்பாக்கு அடியில வெச்சிருந்தா. பயம் இருக்கும்ல.

இப்ப சட்டைக்கு வரேன். எங்க லைன்ல ரெண்டு ஷிப்டும் சேத்து இருநூத்தி எண்பத்தேழு பேரு. ஆயுத பூசைக்கு சட்டை எடுக்கற வேலை வருஷா வருஷம் என் தலையில வுழும். போன வருஷம் மஞ்ச சட்டை எடுத்தோம். வந்து பிரிச்சா நாப்பது பேரு இது என் அளவு இல்ல, நான் இப்பிடி சொல்லவே இல்லன்னு சாதிச்சாங்க. நாப்பத்திரண்டு கேட்டவன் முப்பத்தெட்டுதான் கேட்டேங்கறான். அவன் வயித்தப் பாத்தாலே தெரியுது, சத்தியம் பண்றான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. இந்த வருஷம் ஒரு முடிவு பண்ணிட்டேன். நீட்டு நோட்டுல பேரு, டோக்கன் நம்பரு, அளவு, அளவுக்கு எதிர்ல கையெழுத்து. கையெழுத்து இல்லன்னா சட்டை இல்ல. முந்நூறு சட்டை ஒரே கலர்ல செகப்புலதான் இருக்குன்னு நேரு வீதி கடைக்காரரு சொன்னாரு. சரின்னு மேல 'சிவப்பு'ன்னு எழுதி ரெண்டு கோடு போட்டேன். நாலே நாள்ல இருநூத்தி எண்பத்தேழு கையெழுத்தும் வாங்கிட்டேன். கார்குழலி முப்பத்தாறுன்னு சொல்லிக் கையெழுத்து போடும்போது அந்த நோட்டயே பாத்துகினு இருந்தா. வயித்தெரிச்சல்.

கடைக்காரரு போன்ல போட்டோ அனுப்பினா புரியலங்க, ஜெராக்ஸ் குடுங்கன்னாரு. சூப்பர்வைசர் ரூம்புல மிஷினு இருக்கு. கேட்டேன், போட்டுக்கம்மான்னாரு. ஒம்போது பக்கத்தையும் கிழிச்சு மேல வெச்சேன், தானா இழுத்து இழுத்து அடிச்சுது, கீழ வந்த ஜெராக்ஸ எடுத்துகினு ஷிப்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன். ஒரிஜினலு மிஷினு மேலயே தங்கிடுச்சு. நான் பண்ண தப்பு இது ஒன்னுதான்.

அத எடுத்தது பர்சனல் ஆபீஸ்ல, அதான் ஆளெடுக்கற ஆபீஸ்ல, வேலை செய்யற ஒருத்தரு. அவரு கொண்டு போயி குடுத்தது அந்த ஆபீஸ் மேனேஜரு இனியவன் சாருகிட்ட. அவரு முன்ன வேலை பாத்த கம்பெனில அவரு மூக்குக்குக் கீழயே யூனியன் வந்து அவரு வேலைக்கு உலை வெச்சுடுச்சாம். அதுலேருந்து அவருக்கு நாலு பேரு சேந்து டீ குடிச்சாலே பாக்கச் சகிக்காது. அவரு கைல, மேல சிவப்புன்னு கோடு போட்டு, கீழ இருநூத்தி எண்பத்தேழு பேரு கையெழுத்தோட ஒரு லிஸ்டு கெடைச்சா என்னா நெனைப்பாரு? அதுலயும் கையெழுத்துக்குப் பக்கத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பரு, முப்பத்தெட்டு, நாப்பது, நாப்பத்திரண்டுன்னு. அது மாசச் சந்தான்னு முடிவு பண்ணிட்டாரு. குண்டா இருக்கறவங்க ஜாஸ்தி குடுக்கணும் போல.

அடுத்த நாளே கூப்புட ஆரம்பிச்சாங்க. ஒவ்வொருத்தரா, மாடி ரூம்புக்கு, காப்பி, நல்ல பிஸ்கட்டு. பாத்ரூமுக்கு மாத்து ஆளு இல்லாத லைன்ல, மாடிக்குப் போறவங்க எடத்துல நிக்க ஆறு பேரு எங்கிருந்தோ வந்துட்டாங்க. நீங்க இதுல கையெழுத்து போட்டிருக்கீங்களேன்னு சாரு கேப்பாரு. ஆமா சார், சட்டைக்குன்னு இவங்க சொல்லுவாங்க. மொத நாளு முப்பது பேரும் சட்டைன்னே சொன்னாங்க. ரெண்டாவது நாளும் சட்டை. எல்லாரும் ஒரே பதில சொல்றாங்கன்னா எவ்ளோ கட்டுப்பாடா சொல்லிக் குடுத்திருக்காங்க பாருன்னு சாருக்கு பயம் ஜாஸ்தியாயிடுச்சு. மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டா அவுக்கறது கஷ்டம்.

கடைசில எல்லாருக்கும் ஒரு பேப்பரு நீட்டினாங்க. டைப் அடிச்சு ரெடியா இருந்துது. 'தவறான வழிகாட்டுதலின் பேரில் நான் சேர்ந்திருந்த தொழிற்சங்கத்திலிருந்து என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்.' போட்டுட்டா வேலைக்கு ஒன்னும் ஆவாதுன்னு சொன்னாங்க. இல்லாத யூனியன்லேருந்து வெலகறதுக்கு என்னா கஷ்டம்? போட்டுட்டு, இன்னொரு பிஸ்கட்டு எடுத்துகினு வந்துட்டாங்க. கம்பெனி பாலிசிப்படி கையெழுத்து வாங்கின எதுக்கும் சீலு வெச்சு ஒரு காப்பி குடுக்கணுமாம், அதையும் குடுத்தாங்க.

கார்குழலியும் போனா. கம்பெனிலேயே நெஜமா யூனியன் வேலை பாத்த ஒரே ஆளு. சட்டைக்குதான் சார் கையெழுத்து போட்டேன்னு சொன்னாளாம். உண்மையும் அதானே. பாவம் சின்னப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் தெரியாதும்மான்னு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டாரு.

ஒம்போது நாளு ஆச்சு. பூசைக்கு ரெண்டு நாளு முன்னாடி, கடைசி ஆளா என்னைக் கூப்புட்டாங்க. லிஸ்டு என் கையெழுத்துல எழுதினதாச்சே.

நான் யூனியனுக்கு எதிரி சார், பஸ்ஸுல யாரை வேணா கேளுங்கன்னேன். நல்ல தலைவரு அப்பிடித்தான் காட்டிக்குவாங்கன்னாரு. சட்டை கடையிலேருந்து வந்துடுச்சு சார், கொண்டாந்து காட்டறேன்னேன். யூனிபார்ம் வரைக்கும் வந்துடுச்சான்னு கேட்டு நோட்டுல எழுதிகினாரு.

அப்ப அவரு ஒரு நீலக் கலரு பைல எடுத்து என் பக்கம் திருப்பி வெச்சாரு. பர்மனென்ட் ஆர்டரு. டிசம்பர் ஒன்னாந்தேதிலேருந்து. என் பேரு, இனிஷியலோட. எப்பவும் இனிஷியல தப்பாத்தான் போடுவாங்க, இதுல சரியா இருந்துது. கீழ பெரிய சாரு கையெழுத்து கூட ஆயிடுச்சு.

"இது உங்களுக்குத்தாம்மா. இத யாரு ஆரம்பிச்சது, ஒரு பேரு மட்டும் சொல்லுங்க. அவங்கள மட்டும் அனுப்பிட்டு, மத்த யாரையும் தொட மாட்டேன்."

நாளைக்குச் சொல்றேன் சார்னு எழுந்து வந்துட்டேன்.

வூட்ல சொன்னேன். எங்க வூட்டுக்காரரு சோத்தப் பெசஞ்சுகினே கேட்டாரு. மில்லு வாசல்ல கொடி புடிச்ச மனுஷன், என்னை நாலு வார்த்தை திட்டுவாருன்னு பாத்தேன். சொல்லிட்டு வாங்கிக்கன்னாரு. நான் என்னா கேக்கணும்னு ஆசைப்பட்டேனோ அதையேதான் சொன்னாரு, ஆனா எனக்கு அப்பிடி ஒரு கோவம் வந்துது. நீயெல்லாம் ஒரு யூனியன்காரனான்னு கேட்டு ரசத்த ஊத்தாம எழுந்து போயிட்டேன்.

காலைல பஸ்ஸுல கார்குழலிகிட்ட சொன்னேன். மறைக்கத் தோணல. வடிவேலு அண்ணன் பாட்டு போட்டிருந்தாரு, அதனால காதுகிட்ட குனிஞ்சு சொன்னேன். அவளும் என் காதுகிட்ட குனிஞ்சா.

"எம் பேரச் சொல்லிடுக்கா. எனக்கு வயசிருக்கு, வேற எங்கனா போயிக்கறேன். உனக்கு இது வுட்டா வராது."

மூலக்குளம் வரைக்கும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இவ பெரிய தியாகி, நான் காட்டிக் குடுக்கற சிறுக்கியா, இத்தினி நாளும் எனக்காக கேக்கறேன் கேக்கறேன்னு சொல்லி கடைசில என் பாவத்துல வந்து நிக்கறியான்னு கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துது.

அன்னிக்கு லைன்ல நின்னுகினு கதவ மாட்டிகினே யோசனை பண்ணேன். சித்திரை மாசம் ஒரு நாளு எனக்கு தூரம், ஒடம்பு ரொம்ப மோசம். கயித்த இழுத்தேன், மஞ்ச லைட்டு எரியுது, லீடரு வரல. கால் வழியா இறங்குது, காரு மேல காரு வருது. எதிர்ல இருந்து இவ பாத்துட்டா. போக்கான்னு கைய காட்டினா. நான் ஓடிட்டேன். இடது கதவயும் மாட்டி, காரச் சுத்தி இந்தப் பக்கம் ஓடியாந்து என் கதவயும் மாட்டி, மறுபடி அந்தப் பக்கம் ஓடி, நாலு காரு தனி ஆளா பண்ணிருக்கா. ஐம்பத்தி நாலு செகண்டுல ரெண்டு கதவு. நான் திரும்பி வரும்போது உதடெல்லாம் வெளுத்துப் போயி நிக்கறா. ஒரு ஸ்குரூ கூட வுடல. அதப் பத்தி அவளும் பேசினதில்ல, நானும் பேசினதில்ல. பேசற விஷயமா அது?

மத்தியானம் மாடிக்குப் போனேன். நீல பைலு அதே எடத்துல இருந்துது. சாரு பேனாவ எடுத்து மூடியத் தொறந்தாரு. சொல்லுங்கன்னாரு.

"சிவசங்கரி."

"உங்க பேரு எனக்குத் தெரியும்மா. ஆரம்பிச்சவங்க பேரு கேட்டேன்."

"அதத்தான் சார் சொல்றேன்."

அவரு என்னைப் பாத்தாரு. நெனைச்சேன்னாரு. பைல மூடி டிராயர்ல வெச்சாரு. டிராயரு சாவி ரெண்டு சுத்து சுத்திச்சு. அந்த வெலகற பேப்பர்லயாவது கையெழுத்து போடுங்கன்னாரு. சேந்தாத்தானே சார் வெலகறதுக்குன்னு சொல்லிட்டு படியெறங்கிட்டேன். தைரியசாலின்னு நெனச்சுக்காதீங்க. திரும்பிப் போயி, வாய் தவறிடுச்சு சார், வேற பேரு சொல்றேன்னு சொல்லலாமான்னு படியிலேயே ஒரு தடவை நின்னேன்.

இதுக்கப்பறம் நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல. வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில வுட்டுக்கினு, குத்துது கொடையுதுன்னா யாரு என்னா பண்றது?

இருநூத்தி எண்பத்தாறு வூட்டுக்கு அந்த சீலு வெச்ச காப்பி போயிருக்குல்ல. நீ எப்ப யூனியன்ல சேந்த, எங்கிட்ட சொல்லவே இல்லியேன்னு பொண்டாட்டி கேக்கறா, மாமனாரு கேக்கறாரு. இல்ல, நான் சேரவே இல்லன்னா, அப்ப எதுக்கு வெலகினன்னு கேக்கறாங்க. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்ன கதையா ஆயிடுச்சு. ஆறு பேரு நெஜமாவே சேந்துட்டதா நெனச்சு கார்குழலிகிட்ட வந்து சந்தா எவ்ளோன்னு கேட்டாங்க. மாடிக்குக் கூப்பிடறதுக்கு ஆறு மாத்து ஆளு எங்கிருந்து வந்தாங்க, அவங்க ஏன் பாத்ரூமுக்கு வர மாட்டேங்கறாங்கன்னு பொம்பளைங்க கேட்டாங்க. என் கதையும் எப்பிடியோ வெளிய வந்துடுச்சு. எப்பிடியோன்னா, சாயங்காலம் பஸ்ஸுல கார்குழலிகிட்ட மட்டும்தான் சொன்னேன், அவ வாய்தான்.

பூசை அன்னிக்கு எல்லாரும் செகப்பு சட்டையில வந்தாங்க. அளவு எல்லாருக்கும் சரியா இருந்துது, அத மொதல்ல சொல்லணும். கன்வேயருக்கு சந்தனம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி, பூசணிக்காய ஒடைச்சாச்சு. பொரி தட்டுக்குப் பக்கத்துல கார்குழலி அவ பேப்பர விரிச்சு வெச்சா. ஊறுகாய் எண்ணெ பட்டு ஓரம் மஞ்சளா இருந்துது. யாரையும் கூப்புடல. பொரி எடுக்க வந்தவங்க பாத்தாங்க. சேராமலே வெலகிட்டோம், சேந்துதான் பாப்பமேன்னு ஒரு ஆளு போட்டாரு. அவ்ளோதான். ஒரு கைல பொரி, ஒரு கைல பேனா. நாலு மாசத்துல பதினொன்னு வாங்கினவ, நாலு மணி நேரத்துல இருநூத்தி நாப்பதத் தாண்டிட்டா. நான் கடைசில போட்டேன். எனக்கு யூனியன் மேல ஒன்னும் பாசம் வந்துடல. எல்லாரும் போட்டதுக்கப்பறம் நான் மட்டும் போடலன்னா நல்லா இருக்காது.

நவம்பர் முப்பதோட என் ஆர்டரு முடிஞ்சுது. அடுத்தது வரல. லட்டும் வரல. இப்ப ஒரு துணிக்கடையில பொடவை மடிச்சு வெக்கறேன். வந்து பாக்கறவங்க பிரிச்சுப் போடுவாங்க, நான் மடிப்பேன். எத்தினி செகண்டுல மடிக்கறேன்னு யாரும் பாக்கறதில்ல.

மாசி மாசம் யூனியன் பதிவாச்சு. தலைவரா நான் இருக்கணும்னு கார்குழலி வந்து வூட்ல உக்காந்துகினா. சட்டத்துல வெளியாளு ஒன்னு ரெண்டு பேரு நிர்வாகியா இருக்கலாமாம். உள்ள இருக்கறவங்கள வெளிய அனுப்பலாம், வெளிய இருக்கறவங்கள எங்க அனுப்புவாங்கக்கான்னா. எங்க வூட்டுக்காரரு அவளுக்கு டீ போட்டுக் குடுத்தாரு. அந்த மனுஷன் எனக்குப் போட்டதில்ல. மொத கோரிக்கையே உன்னை திருப்பி எடுக்கறதுதாங்க்கான்னு சொல்லி சம்மதம் வாங்கிட்டா. அதுக்குத்தான் ஒத்துகினேன். வேற எதுக்கும் இல்ல.

மூணு மாசம் இழுத்துது. போன வாரம் லேபர் ஆபீஸ்ல கடைசிப் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் இனியவன் சாரு, வக்கீலு. இந்தப் பக்கம் நானு, கார்குழலி. நடுவுல ஆபீசரு, தலைக்கு மேல ஃபேனு. கம்பெனி எறங்கி வந்துடுச்சு. பாத்ரூமுக்கு எட்டு பேருக்கு ஒரு மாத்து ஆளு, சரி. பதினோரு மாச ஆர்டருல இருக்கற அறுபத்திரண்டு பேரும் அடுத்த மாசத்துலேருந்து பர்மனென்டு, சரி. ஒரே ஒரு நிபந்தனைன்னாரு இனியவன் சாரு.

"இந்தம்மா கம்பெனிக்கு வெளியாளு சார். இவங்க கேச இதோட முடிச்சுக்கணும். அதுக்கு ஒத்துகிட்டா இன்னிக்கே கையெழுத்து."

ஆபீசரு என்னைப் பாத்தாரு. யூனியன் சார்பா தலைவருதான் கையெழுத்து போடணும்மா, யோசிச்சு சொல்லுங்கன்னாரு. போடாதக்கா, நம்ம வுடக் கூடாது, இன்னும் ஆறு மாசம் ஆனாலும் பாத்துக்கலாம்னு கார்குழலி மேசைக்கு அடியில என் கையப் புடிச்சுகினா.

ஆறு மாசம்னா அந்த அறுபத்திரண்டு பேர்ல பாதிப் பேருக்கு ஆர்டரு முடிஞ்சுடும். அது எனக்குத் தெரியும், இனியவன் சாருக்கும் தெரியும். எனக்கு என் வேலை திரும்ப வேணும்னுதான் இருந்துது. வெக்கத்த வுட்டு சொல்றேன், அந்த நீல பைலு இன்னும் அந்த டிராயர்லதான் இருக்குமோன்னு கூட நெனச்சேன். இருந்தா என்னா, கிழிச்சிருந்தா என்னா.

லிஸ்ட காட்டுங்கன்னேன். நீட்டினாங்க. அறுபத்திரண்டு பேரையும் வெரலு வெச்சுப் படிச்சேன். ரெண்டு பேருக்கு டோக்கன் நம்பரு மாறிப் போயிருந்துது, ஒருத்தருக்கு அப்பா பேரு தப்பு. இத இப்பவே திருத்துங்க, அப்பறம் மாடிக்கும் கீழயும் அலைய வுடுவீங்கன்னேன். வக்கீலு பேனாவால திருத்தி, பக்கத்துல சின்னதா கையெழுத்து போட்டாரு. மறுபடி ஒரு தடவை எண்ணினேன். சரியா இருந்துது. அறுபத்திமூணாவது வரி காலியா இருந்துது, அதுல நான் தலைவருன்னு கையெழுத்து போடணும்னாங்க. போட்டேன்.

பெரிய மனசு மேடம் உங்களுக்குன்னாரு இனியவன் சாரு. அன்னிக்குத்தான் மேடம்னு கூப்புட்டாரு.

வெளிய வந்ததும் கார்குழலி படிக்கட்டுல உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டா. எனக்கு எரிச்சலா வந்துது. எழுந்திரு, ரெண்டாவது ஷிப்டுக்கு நேரமாச்சு, பஸ்ஸ வுட்டுட்டு நிக்கப் போறடின்னு சத்தம் போட்டேன். கண்ணத் தொடைச்சுகினு ஓடினா. எனக்கு ஓடிப் புடிக்க வேண்டிய பஸ்ஸுன்னு ஒன்னும் இல்ல. அவ தெருமுனை திரும்பற வரைக்கும் பாத்துட்டு, அதே படிக்கட்டுல உக்காந்து நானும் அழுதேன்.